நாலாவது இடத்துக்கு மார்க் கிடையாது

ஞாயிற்றுக்கிழமை இரவு 8.30 மணி. ஜப்பானில் அப்போது திங்கள் பிறக்கும் நள்ளிரவு. ஷூயெய்ஷா பதிப்பகத்தின் 'மங்கா ப்ளஸ்' செயலியில் அந்த வாரத்து 'ஷோனென் ஜம்ப்' தொடர்களின் புதிய அத்தியாயங்கள் வரிசையாக வந்து இறங்குகின்றன. ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, இந்தோனேசியன், தாய் என்று பல மொழிகளில் ஒரே நேரத்தில். கால் மணி நேரத்தில் யூடியூபில் விமர்சனம் தொடங்கிவிடும். புதுத் தொடர் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி முடிப்பதற்குள் ஒருவர் அதற்கு 'அடுத்த நருட்டோ' என்று பட்டம் சூட்டியிருப்பார், இன்னொருவர் இறுதி அஞ்சலி செலுத்தியிருப்பார்.

இந்த ஆரவாரத்துக்கும் அந்தத் தொடரின் தலையெழுத்துக்கும் பெரிய சம்பந்தம் இருந்ததில்லை. தலையெழுத்து எழுதப்படுவது வேறு இடத்தில். சுமார் 300 யென் விலையில், மட்டமான மறுசுழற்சித் தாளில், தலையணை கனத்தில் ஜப்பானியக் கடைகளில் விற்கப்படும் அச்சு இதழுக்குள் ஒரு அஞ்சலட்டை இருக்கும். இந்த இதழில் உங்களுக்குப் பிடித்த மூன்று தொடர்கள் எவை? வரிசைப்படுத்தி எழுதி அனுப்புங்கள். அனுப்புகிறவர்களில் சிலருக்குக் குலுக்கலில் பரிசும் உண்டு. இப்போது கைப்பேசி வழியாகவும் வாக்களிக்கலாம். ஆனால் கேள்வி மாறவில்லை.

உலகில் காமிக்ஸ் விமர்சனம் என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றிலும் இதுதான் ஈவிரக்கமற்றது. ஒரு இதழில் ஏறத்தாழ 20 தொடர்கள் ஓடும். மூன்று பெயருக்குத்தான் இடம். ஆயிரம் பேர் ஒரு தொடரை விரும்பிப் படித்து, அத்தனை பேரும் அதை நாலாவதாகத்தான் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் வாக்கு பூஜ்யம். எண்ணூறு பேர் கண்டுகொள்ளாமல் விட்டு, இருநூறு பேர் வெறித்தனமாக முதலிடம் கொடுக்கும் தொடர் பிழைத்துக்கொள்ளும். பரவாயில்லை, நன்றாகத்தான் போகிறது என்ற அபிப்பிராயத்துக்கு அந்த அட்டையில் கட்டமே கிடையாது. ஜம்ப் தொடர்கள் ஏன் எப்போதும் உச்சஸ்தாயியில் அலறுகின்றன, ஏன் ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு வெடியோடு முடிகிறது என்று கேட்பவர்களுக்கான பதிலில் பாதி இந்தக் கணக்கில் இருக்கிறது.

*

இந்த முறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு; அது ஏழ்மை. 'ஷோனென் மேகஸின்', 'ஷோனென் சண்டே' இரண்டும் 1959-இலேயே தொடங்கிவிட்டன. புகழ்பெற்ற ஓவியர்கள் அந்த இரண்டு முகாம்களில் இருந்தார்கள். 1968-இல் 1,05,000 பிரதிகளோடு ஜம்ப் களமிறங்கியபோது அதனிடம் பெரிய பெயர்கள் இல்லை. வேறு வழியில்லாமல் நாகாய் கோ, மோத்தோமியா ஹிரோஷி போன்ற இளைஞர்களை நம்பியது. புதியவர்களில் எவர் தேறுவார் என்று ஆசிரியர் குழுவுக்கே தெரியாது. வாசகரைக் கேட்டுவிடுவது என்று முடிவானது. கூடவே ஒப்பந்தம்: இங்கே வரைகிறவர் வேறு பத்திரிகைக்கு வரையக்கூடாது.

ஒரு வருடத்தில் வார இதழானது. 1994 கடைசியில் அச்சான ஒரு இதழின் எண்ணிக்கை 65.3 லட்சம் பிரதிகள். 'டிராகன் பால்', 'ஸ்லாம் டங்க்' இரண்டும் ஒன்றாக ஓடிய காலம் அது. 1995-இல் முதலாவதும் 1996-இல் இரண்டாவதும் முடிந்தபோது விற்பனை சரிந்தது. 1997-இல் 'மேகஸின்' முந்திக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஓடா எய்இச்சிரோ என்ற 22 வயது இளைஞர் கடற்கொள்ளையர் கதை ஒன்றைத் தொடங்கினார். 'ஒன் பீஸ்' இன்னும் முடியவில்லை.

அஞ்சலட்டை எப்படிக் கதையையே வளைக்கும் என்பதற்கு 'டிராகன் பால்' நல்ல சாட்சி. அதை வரைந்த தோரியாமா அகிராவின் பொறுப்பாசிரியர் தோரிஷிமா கஸூஹிகோ. ஓவியர் கொண்டுவரும் வரைவுகளைச் சளைக்காமல் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவர். தோரியாமாவின் முந்தைய தொடரான 'டாக்டர் ஸ்லம்ப்' கதையில் விஞ்ஞானி செம்பெய்தான் நாயகனாக இருக்க வேண்டியவர். அவர் உருவாக்கும் ரோபோ சிறுமி அராலே முன்னுக்கு வந்ததில் தோரிஷிமாவின் கை உண்டு. தோரியாமாவும் விடவில்லை. அதே கதையில் 'டாக்டர் மஷிரித்தோ' என்று ஒரு வில்லனை நுழைத்தார். பெயரின் ஒலிகளைத் திருப்பிப் போட்டால் தோரிஷிமா. முகமும் அவர் முகமே.

1984-இல் தொடங்கிய 'டிராகன் பால்' ஆரம்பத்தில் சிரிப்பும் பயணமுமான கதை. குரங்கு வால் பையன் கோக்கூ, ஏழு உருண்டைகள், வழியில் கிறுக்கர்கள். கொஞ்ச நாளில் வாக்கு இறங்கியது. பேட்டிகளில் தோரிஷிமா இதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். தீர்வாக வந்ததுதான் தற்காப்புக்கலைப் போட்டி. கோக்கூ பயிற்சி எடுக்கிறான், மேடையேறுகிறான், ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். வாக்கு எகிறியது. அதன்பிறகு ஜம்ப்பில் எந்த நாயகன் வந்தாலும் எங்கேயாவது ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. நிஞ்ஜாவுக்கும் தேர்வுப் போட்டி, சூப்பர்ஹீரோ பள்ளிக்கும் விளையாட்டு விழா, சமையல் பள்ளிக்கும் தேர்வு. 'மறுபடியும் டோர்னமெண்டா' என்று இன்றைய விமர்சகர்கள் கொட்டாவி விடுகிறார்களே, அந்தக் கொட்டாவியின் ஊற்று 1980-களின் தபால் பையில்.

வாக்கு கிடைக்காதவர்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய கணக்கில் பத்து வாரம். இன்று பெரும்பாலும் 18, 20 அத்தியாயம் வரை விட்டுப் பார்க்கிறார்கள். பிறகு கடை மூடல். எதிரிகள் மலைபோல் நிற்க, நாயகனும் தோழர்களும் அவர்களை நோக்கிப் பாயும் இரட்டைப் பக்கத்தோடு கதை நிற்கும். ஓரத்தில் ஆசிரியரின் அடுத்த படைப்பை எதிர்பாருங்கள் என்று ஒரு வரி. இந்தக் காட்சியைப் பார்த்ததுமே ஜப்பானியச் சிறுவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

இதில் வரலாற்றுப் புகழ்பெற்றது குருமாதா மசாமியின் 'ஒத்தோகோஸாகா'. 'ரிங் நி காக்கெரோ' என்ற குத்துச்சண்டைத் தொடரால் ஏற்கெனவே நட்சத்திரமாகியிருந்த ஓவியர், தன் வாழ்நாள் கனவு என்று தொடங்கியது இது. 1985-இல் நிறுத்தப்பட்டது. கடைசிப் பக்கங்களில் நாயகன் படியேறிப் போக, 'முடிவுறாதது' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைப் பெரிதாகத் தீட்டிவிட்டுப் போனார். அடுத்து அவர் வரைந்த 'செயின்ட் செய்யா' உலகம் சுற்றியது. 'ஒத்தோகோஸாகா' 2014-இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, இணையத்தில் தொடர்ந்தது.

பழம்பெருமைக்கும் சலுகை கிடையாது. 'நருட்டோ' மூலம் 15 ஆண்டுகள், 700 அத்தியாயங்கள் ஜம்ப்பைத் தாங்கிய கிஷிமோத்தோ மசாஷி, 2019 மே மாதம் ஒகுபோ அகிராவின் ஓவியத்தில் 'சாமுராய் 8' என்ற தொடரை எழுத வந்தார். ஊரெல்லாம் விளம்பரம். 2020 மார்ச்சில் 43-ஆவது அத்தியாயத்தோடு முடிந்தது. அதைப் படித்துப் பார்த்தால் காரணம் தெரியும். முதல் சில அத்தியாயங்களிலேயே சாவி, பூட்டு, இளவரசி, ஆன்மா, விண்வெளி சாமுராய் என்று கலைச்சொற்கள் குவிகின்றன. நாயகனின் ஆசை என்ன என்று மனதில் பதிவதற்குள் அவன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் வந்துவிடுகிறது. ஒகுபோவின் இயந்திர உடல்கள் அழகானவை. சண்டையில் எந்தக் கை யாருடையது என்றுதான் தெரியவில்லை. வாசகர்கள் இந்தத் தொடர் விஷயத்தில் அநியாயமாக நடந்துகொள்ளவில்லை.

*

அப்படியென்றால் விமர்சகருக்கு என்ன வேலை? வாக்கு எண்ணிக்கை சொல்லாததைச் சொல்வதுதான். அதற்கு ஜப்பானில் நல்ல மரபு இருக்கிறது. நத்சுமே ஃபுசனோசுகே, நாவலாசிரியர் நத்சுமே சோசெகியின் பேரன், தானும் படம் வரைகிறவர். அவருடைய விமர்சன முறை விசித்திரமானது: பேசப்போகும் கட்டத்தை முதலில் தன் கையால் பார்த்து வரைந்துவிடுவார். பேனா எங்கே அழுத்தப்பட்டது, எங்கே வேகமாக இழுக்கப்பட்டது, கட்டத்தின் ஓரக்கோடு ஏன் இங்கே சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் கை வழியாகத் தெரிந்த பிறகுதான் எழுதுவார். ஓவியர் தெசுக்கா ஒசாமுவின் கோடு போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை இப்படித்தான் காட்டினார். 1999-இல் தெசுக்கா பெயரிலான பரிசு ஒன்று அவருக்கே கிடைத்தது.

இந்தப் பழக்கம் இன்றைய வார விமர்சனங்களில் அரிது. கதைச் சுருக்கம் ஐந்து நிமிடம், 'ஆர்ட் சூப்பர்' என்று ஒரு வரி, பிறகு பத்துக்கு எத்தனை மார்க். ஓவியம் எப்படி சூப்பர் என்று கேட்டால் பதில் இல்லை. மங்காவில் பாதிக் கதை கட்டங்களின் அளவிலும், பலூன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலும், பக்கத்தைப் புரட்டும் கணத்திலும் இருக்கிறது. வலமிருந்து இடமாகப் படிக்கும்போது இடப்பக்கத்தின் கீழ் மூலைதான் கடைசி நிறுத்தம். அங்கே ஒருவர் கண்ணை விரித்துப் பார்ப்பார். எதைப் பார்த்தார் என்பது புரட்டினால்தான் தெரியும். நல்ல ஓவியர் அந்த மூலைக்காகவே பக்கம் முழுவதையும் கட்டுவார். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படிக்கும்போது இது பாதி மங்கிவிடுகிறது. இரட்டைப் பக்கச் சித்திரம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக வருகிறது. கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பாமல் படித்துவிட்டு 'சண்டைக் காட்சி புரியவில்லை' என்று மார்க் குறைக்கும் விமர்சனங்களும் இருக்கின்றன.

முதல் அத்தியாயத்தை வைத்து மார்க் போடுவதில் இன்னொரு சிக்கல். ஜம்ப்பில் புதுத் தொடரின் முதல் அத்தியாயம் 50 பக்கத்தைத் தாண்டும். அட்டைப்படம், வண்ணப்பக்கம் எல்லாம் அதற்குத்தான். மாதக்கணக்கில் செதுக்கியது. அதன்பிறகு வாரத்துக்கு 19 பக்கம், வாரம் தவறாமல். ஆக முதல் அத்தியாயம் என்பது ஒரு தனிச் சிறுகதை. ஓவியரின் உண்மையான நடை நாலாவது, ஐந்தாவது வாரத்தில்தான் வெளிப்படும். மங்கா ப்ளஸ் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதோ முதல் மூன்று அத்தியாயங்களும் கடைசி மூன்றும்.

*

இதற்கு அண்மைக்கால உதாரணமாக 'ககுராபாச்சி'யை எடுத்துக்கொள்ளலாம். ஹோக்காஸோனோ தகேருவின் இந்தத் தொடர் 2023 செப்டம்பரில் தொடங்கியது. முதல் அத்தியாயம் முறையாக வெளிவருவதற்கு முன்பே கசிந்த பக்கங்களை வைத்து வெளிநாட்டு ரசிகர்கள் கேலிக்காக அதை உலகின் ஆகச்சிறந்த மங்கா என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். மீம் மேல் மீம். மதிப்பீட்டுத் தளங்களில் படிக்காமலேயே பத்துக்குப் பத்து. ஜம்ப்பின் வரலாற்றில் படிப்பதற்கு முன்பே இத்தனை விமர்சனம் பெற்ற புதுத் தொடர் வேறு இருக்க வாய்ப்பு குறைவு.

கேலி அடங்கிய பிறகு படித்தவர்களுக்குத்தான் ஆச்சரியம். கதை பழசு: தந்தையைக் கொன்றவர்களைத் தேடும் மகன். தந்தை ரொகுஹிரா குனிஷிகே மந்திர வாள்களைச் செய்த கொல்லர். ஒரு போரையே முடித்துவைத்த ஆறு வாள்கள் களவு போகின்றன. மகன் சிஹிரோவிடம் ஏழாவது வாள். வாளைச் சுழற்றும்போது கரிய தங்கமீன்கள் காற்றில் நீந்திப் போகும். இந்த மீன்கள்தான் தொடரின் முத்திரை. பட்டறையில் தந்தை வளர்த்த தங்கமீன்களை முதல் அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டதால், பின்னால் ஒவ்வொரு வெட்டிலும் அவை வரும்போது அது அலங்காரமாகத் தெரிவதில்லை. மகன் எதை நினைத்துக்கொண்டு வாளை எடுக்கிறான் என்று வசனம் எழுதாமலேயே ஓவியர் சொல்லிவிடுகிறார்.

ஹோக்காஸோனோவின் பலம் வெட்டு. சினிமா எடிட்டர் மாதிரி வேலை செய்கிறார். சண்டையில் நகர்வைக் கோடுகளால் காட்டுவதைக் குறைத்துவிட்டு, முன்னும் பின்னும் மட்டும் வரைகிறார். ஒரு கட்டத்தில் கை வாள்பிடியில். அடுத்த கட்டத்தில் எதிரிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டு நிற்கிறார்கள். நடுவில் நடந்தது வாசகர் மண்டையில் நடக்கிறது. வாயாடி, கோமாளித்தனம் செய்கிற தந்தை; வாய் திறக்காத மகன். இந்த முரணும் வசனச் சிக்கனமும் சேர்ந்து பக்கங்களை ஓட வைக்கின்றன. குறை இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் வரும் வில்லன்கள் சிலர் பெயர் நினைவில் நிற்பதற்குள் போய்விடுகிறார்கள். வாள்களைச் சுற்றிய அரசியல் சூடு பிடிக்கப் பல அத்தியாயங்கள் ஆகின்றன. ஏல அரங்கக் கதைக்கட்டம் வரை பொறுத்தவர்களே தொடரின் முழு வீச்சைக் கண்டார்கள். 2024-இல் வாசகர் வாக்கால் தேர்வாகும் 'அடுத்து வரும் மங்கா' பரிசின் அச்சுப் பிரிவில் முதலிடம் இதற்குத்தான். மீம் போட்டவர்களின் கேலி பலித்துவிட்டது.

அடிதடி ஏதும் இல்லாமல் இதே இதழில் பிழைத்திருக்கும் 'அகானே பனாஷி'யை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சுயெனாகா யூக்கி எழுத்து, மோயுவே தகாமாசா ஓவியம், 2022 பிப்ரவரியில் தொடக்கம். விஷயம் ரகுகோ: மெத்தையில் மண்டியிட்டு அமர்ந்த ஒரே ஆள், கையில் விசிறியும் துண்டும் மட்டும், ஒரு கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் கலை. தலையை ஒருபக்கம் திருப்பினால் கணவன், மறுபக்கம் திருப்பினால் மனைவி. எழுந்து நிற்கக்கூட மாட்டார். சண்டைப் பத்திரிகையில் இதை எப்படி விற்பது?

முதல் அத்தியாயத்தில் அகானேயின் அப்பா ஷிந்தா, உச்சப் பட்டமான 'ஷின்உச்சி'க்கான தேர்வில் மேடையேறுகிறார். சிறுமி மறைந்திருந்து பார்க்கிறாள். மோயுவே முதலில் அரங்கத்தைக் காட்டுகிறார். மெத்தை, விளக்கு, எதிரே மௌனமான கூட்டம். கதை சூடேற ஏற அரங்கின் சுவர்கள் கரைந்து, அப்பா சொல்லும் கதையின் வீடும் கடற்கரையும் பின்னணியில் எழும்புகின்றன. கூட்டத்தில் ஒருவர் முகம் இளகுகிறது. அகானேயின் கண் விரிகிறது. பிறகு ஒரே புரட்டலில் மறுபடி வெறும் மெத்தை. நடுவராக இருக்கும் மூத்த கலைஞர் இஷ்ஷோ, தேர்வுக்கு வந்த அத்தனை பேரையும் அமைப்பிலிருந்தே நீக்குகிறார். காரணம் சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்து மகள் அந்த மேடையை நோக்கி நடக்கிறாள்.

எலும்புக்கூடு ஜம்ப்புக்கே உரியதுதான்: பட்டப் படிநிலை, போட்டி, பழிவாங்கல். அஞ்சலட்டைக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் கேள்வி ஒன்று மாறுகிறது. கூட்டத்தை அடக்குவது எப்படி, முந்தைய கலைஞர் கெடுத்துவிட்டுப் போன அரங்கை மீட்பது எப்படி, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் கதையை மட்டும் நிறுத்துவது எப்படி. கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தத் தொடர் மற்ற எதையும்விடச் சீக்கிரம் பிடிபடும். வாள் மீன்களைவிட இதுவே சிறந்தது என்பது இந்தக் கட்டுரையின் தீர்ப்பு. அஞ்சலட்டை அனுப்பும் பையன்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

*

நிதானமான மதிப்பீட்டுக்கும் ஜப்பானில் இடம் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய 'மங்கா தைஷோ' விருதை நடத்துகிறவர்களிலும் தேர்வு செய்கிறவர்களிலும் புத்தகக்கடைக்காரர்கள் கணிசம். எட்டுத் தொகுதிகளுக்கு மேல் போகாத படைப்புகள் மட்டும் போட்டியில் சேரும். ஏற்கெனவே ஊரறிந்த தொடர்களுக்கு மாலை போட்டு என்ன பயன் என்பது அவர்கள் கணக்கு. முதல் பரிசு மலை மீட்புப் பணியாளர்களைப் பற்றிய 'கக்கு'வுக்குப் போனது. 2021-இல் 'ஃப்ரீரென்'. அரக்கராஜனைக் கொன்று முடித்த பிறகு, வென்ற நாயகன் கிழவனாகிச் சாவதோடு தொடங்கும் கதை அது. ஷோனென் சண்டேயில் வந்தது. வாரம் மூன்று பெயர் கேட்கும் வாக்கில் அத்தனை மெதுவான தொடக்கம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

விமர்சனம் ஒரு படைப்பின் பக்கத்தையே மாற்றிய சம்பவமும் உண்டு. ஃபுஜிமோத்தோ தத்சுகியின் 'லுக் பேக்' 2021 ஜூலை 19 அன்று 'ஷோனென் ஜம்ப் ப்ளஸ்' செயலியில் ஒரே மூச்சில் வெளியான, 140 பக்கத்தைத் தாண்டும் தனிக்கதை. படம் வரையும் இரண்டு பள்ளிச் சிறுமிகள். நிறைய வசனமில்லாத பக்கங்கள். ஒரே மேசை, ஒரே முதுகு, ஜன்னலுக்கு வெளியே பருவம் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். பின்பாதியில் கலைக்கல்லூரிக்குள் நுழைந்து தாக்கும் ஒருவன். 2019 ஜூலை 18 கியோத்தோ அனிமேஷன் தீவைப்பை நினைக்காமல் ஜப்பானில் யாரும் அதைப் படித்திருக்க முடியாது. கொலைகாரனைச் சித்தரித்த விதம் மனநோயாளிகள்மீது பழி சுமத்துவதாக விமர்சனம் எழுந்தது. ஆகஸ்டில் அந்தப் பகுதியின் வரிகள் மாற்றப்பட்டன. செப்டம்பரில் புத்தகமாக வந்தபோது மறுபடி ஒரு மாற்றம். எந்த வடிவம் மேல் என்று வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். முதல் வடிவத்தில் தாக்குபவனுக்கு ஒரு குரல் இருந்தது. அடுத்ததில் அவன் யாராகவும் இருக்கலாம் என்றாகி, பயம் குறைந்துவிட்டது. புத்தக வடிவமே தேவலை.

அமெரிக்காவில் தீர்ப்பு எழுதுகிறவர் வேறொருவர்: கடைக்காரர். 1970-களில் உருவான நேரடி விற்பனை முறைப்படி, காமிக்ஸ் கடைகள் பட்டியலைப் பார்த்து மாதங்களுக்கு முன்பே பிரதிகளுக்குச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் விற்காதது திரும்பாது. ஆக, இதழ் கடைக்கு வரும் புதன்கிழமை காலை விமர்சனம் வெளியாகும்போது முதல் இதழின் பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. விமர்சனம் நகர்த்தக்கூடியது இரண்டாம் மூன்றாம் இதழ்களையும் மறுபதிப்பையும்தான். 2024 அக்டோபரில் டிசி வெளியிட்ட 'அப்சல்யூட் பேட்மேன்' முதல் இதழ் அப்படி வாய்மொழியால் திரும்பத் திரும்ப அச்சானது. ஸ்காட் ஸ்னைடர் கதை, நிக் ட்ரகோட்டா ஓவியம். ப்ரூஸ் வேனிடம் மாளிகை இல்லை, பணம் இல்லை, பட்லரும் இல்லை. உழைக்கும் வர்க்கத்துப் பையன், மலைபோல உடம்பு. மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடாரி. பட்லரான ஆல்ஃபிரெட் இங்கே அவனை வேவு பார்க்க வந்த உளவாளி. எண்பத்தைந்து வருடப் பாத்திரத்தில் பணத்தை மட்டும் உருவிவிட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு ட்ரகோட்டா தோள்பட்டை அகலத்திலேயே பதில் சொல்கிறார்.

அந்தக் கட்டமைப்பும் ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்கக் கடைகளுக்குக் காமிக்ஸ் கொண்டுசேர்ப்பதில் ஏகபோகமாக இருந்த டயமண்ட் நிறுவனத்தை விட்டு 2020-இல் டிசியும் மறு ஆண்டு மார்வலும் விலகின. 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு கொடுத்தது.

தமிழில் கதையே வேறு. சிவகாசியிலிருந்து 1972-இல் 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, 1984-இல் 'லயன்'. இன்றுவரை டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் XIII-உம் அங்கிருந்துதான் தமிழ் பேசுகிறார்கள். இவை எல்லாம் இத்தாலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பிரிட்டனிலும் ஏற்கெனவே தேறியவை. எனவே தமிழ் காமிக்ஸ் விமர்சகர் பேச வேண்டியவை தனி: இந்தக் கதையை இப்போது தேர்ந்தெடுத்தது சரியா, மொழிபெயர்ப்பில் டெக்ஸ் அளந்து பேசுகிறாரா அளக்கிறாரா, பெரிய ஐரோப்பிய ஆல்பத்தைச் சின்ன அளவில் அச்சிட்டதில் ஓவியம் நெரிபடுகிறதா. பழைய கருப்பு வெள்ளைச் சாணித்தாள் காலத்து நினைவேக்கத்தை ஓரம் வைத்துவிட்டு இவற்றைப் பேசும் வாசகர்கள் இருக்கிறார்கள். இன்னும் நிறையப் பேர் தேவை.

மங்காவுக்குத் தமிழ் வாசலைத் திறந்தது அனிமே. 2025 செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழ் டப்பிங்கும் கூடவே வந்தது. படம் முடிந்ததும் மூலக்கதையைத் தேடிப் போகிறவர்கள் ஆங்கிலப் பதிப்பில் 16-ஆம் தொகுதியை எடுக்க வேண்டும். கோட்டைக்குள் விழும் இடம் அங்கேதான். பிரித்ததும் முதல் அதிர்ச்சி காத்திருக்கும். திரையில் கணினி வரைகலையால் எல்லையில்லாமல் சுழன்ற அந்தக் கோட்டை, கோட்டோகே கொயோஹாருவின் கையில் கரடுமுரடான பேனாக் கீறல்கள்தான். சாய்ந்த கூரை, தொங்கும் கதவு, தலைகீழாக ஒரு படிக்கட்டு, அவ்வளவே. யூஃபோடேபிள் நிறுவனம் அழகு சேர்த்தது உண்மை. அரக்கன் அகாஸாவின் கடந்தகாலக் கதையில் மட்டும் புத்தகம் முந்துகிறது. படத்தில் இசையோடு நீண்டு செல்லும் அந்தத் துக்கத்தைக் கோட்டோகே சில பக்கங்களில், நடுங்கும் கோட்டில், சின்னச் சின்னக் கட்டங்களில் அடைத்துவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்.